தொண்ணூறு நொடிக்குள் அம்மா

அத்தியாயம் 14

காலையில் பட்டாசு கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்ததும் முருகம்மாள் வாசலுக்கு வந்து, “இன்னைக்கு நான் வரல. எங்கம்மா பேசுறதக் கேக்க விருதுநகர் போறேன்” என்று சொல்லியிருக்கிறாள். வேனுக்குள் இருந்த பெண்கள் சிரித்தார்களாம். “வீட்டுல தினமும் கேக்குறதுதான” என்றாளாம் ஒருத்தி.

விருதுநகர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் இறங்காததுமாக முருகம்மாள் இதைத் தங்கை மாரிசெல்வியிடம் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால், புது ஊதாச் சேலையின் கொசுவத்தைப் பிடித்தபடி அம்மா பஞ்சம்மாள் படியிறங்கினாள்.

மாரிசெல்வியும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மூன்று வாரமாக அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் அவளுக்குத் திட்ட உதவியாளர் வேலை. அருங்காட்சியகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கருவி செய்திருந்தார்கள். ‘தொட்டால் பேசும்’ என்று பெயர். சிலேட்டு அளவில் ஒரு திரை. அதில் தீக்குச்சி அடுக்கும் சட்டத்தின் படம் வரும். தொட்டால், அந்தச் சட்டத்தில் வாழ்நாளெல்லாம் குச்சி அடுக்கிய ஒருவர் பேசுவார். காலண்டர் அச்சடிக்கும் கல்லைத் தொட்டால் அச்சகத்துக்காரர் பேசுவார். பேச்சு முடிந்ததும் மூன்று கேள்விகள். சரியான விடை என்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு.

தீப்பெட்டி வேலைக்கு யாரைப் பேச வைப்பது என்று யோசித்தபோது, “உங்க அம்மாவே இருக்காங்களே” என்று சொன்னவர் திட்டத்தின் தலைவர், பேராசிரியர் புகழேந்தி.

மூன்று வாரத்துக்கு முன்னால் பஞ்சம்மாள் மகளின் வாடகை அறைக்கு வந்து, ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பத்து நிமிடம் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் பேசினாள். பிறகு கருவி இருப்பதையே மறந்துபோனாள். அப்போதுதான் அது வந்தது.

“மூத்தவ நல்லாப் படிப்பா. அஞ்சாப்பு முடிக்கையில டீச்சர் வீட்டுக்கே வந்துச்சு, ஏன் அனுப்பலைன்னு கேட்டு. மூத்தவளுக்குப் படிப்பு ஏறல டீச்சர்னு சொன்னேன். பச்சப் பொய். சின்னது பொறந்து மூணு மாசம். அதப் பாத்துக்க ஆளில்ல. நான் கம்பெனிக்குப் போகணும். அதுக்காக எம் பிள்ளைய மக்குன்னு நானே சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அவகிட்ட அதப் பேசுனதில்ல.”

அந்தச் சின்னது மாரிசெல்வி.

அவளை விடப் பத்து வயது மூத்தவள் அக்கா. அக்கா இடுப்பில் வைத்து வளர்த்தாள் என்பது மாரிசெல்விக்குத் தெரியும். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றாள் என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் தான் உட்கார்ந்திருப்பதை இருபத்தொன்பது வயது வரை அவள் பார்த்ததில்லை, அல்லது பார்க்க விரும்பியதில்லை.

பதிவு நாற்பது நிமிடம் இருந்தது. கருவிக்குத் தேவை தொண்ணூறு நொடி. வெட்ட வேண்டியது அவள் வேலை. ‘மூத்தவளுக்குப் படிப்பு ஏறல’ என்பதை வைத்துக்கொண்டாள். முன்னால் இருந்த டீச்சரை வெட்டினாள், பின்னால் இருந்த பொய்யை வெட்டினாள். அதை அடுத்து, அம்மா வேறெங்கோ சொன்ன ‘சின்னவளையாச்சும் படிக்க வச்சிரணும்னு ஓடுனேன்’ என்பதை ஒட்டினாள். கேட்டால் ஒட்டே தெரியாது. புகழேந்தி கேட்டுவிட்டு, “ரொம்ப இயல்பா இருக்கு” என்று பாராட்டினார்.

இன்று அந்தக் கருவியின் தொடக்க விழா.

*

அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் நீள மேசை போட்டு, எட்டுத் திரைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். திருத்தங்கலிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் வந்திருந்த பள்ளி மாணவிகள் வரிசையில் நின்றார்கள். காப்பாட்சியர் ஸ்ரீமதி வாசலுக்கே வந்து பஞ்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்கம்மா, சாப்பிட்டீகளா? இன்னைக்கு நீங்கதான் இங்க டீச்சர்” என்றார்.

பஞ்சம்மாளுக்கு வெட்கம் வந்துவிட்டது. “எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதும்மா” என்று வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“பேசத் தெரியுமே, அது போதும்” என்று ஸ்ரீமதி அவளை முதல் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்.

மாரிசெல்வி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் குரல் தனக்கே கேட்டதும் அம்மா பயந்து, பிறகு சிரித்தாள். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். ஒரு இடத்தில் தலை ஆடுவது நின்றது. புருவம் சுருங்கியது. கேட்டு முடித்து ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“என்னம்மா?”

“நான் சொன்னதுல பாதியத்தான போட்டிருக்க.”

“நேரம் அவ்வளவுதாம்மா. எல்லாருக்கும் தொண்ணூறு நொடிதான்.”

“அது சரி. பாதின்னா எந்தப் பாதின்னு ஒரு கணக்கு இருக்குல்ல.” பஞ்சம்மாள் குரலை உயர்த்தவில்லை. “முருகு கேக்க வேண்டாம். அவள எங்கயாச்சும் வெளிய கூட்டிட்டுப் போ.”

மாரிசெல்வி திரும்பினாள். அக்கா ஐந்தாவது திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டிருந்தாள். பக்கத்தில் இருந்த மாணவி அவளுக்கு எங்கே தொட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். திரையில் குச்சி அடுக்கும் சட்டம் வந்தது. முருகம்மாள் ஆள்காட்டி விரலால் அதைத் தொட்டாள்.

ஓடிப்போய்த் திரையை அணைத்துவிடலாம் என்று தோன்றியது. தொண்ணூறு நொடியும் அவள் அக்காவின் முதுகைப் பார்த்தபடியே நின்றாள். அந்த முதுகு அசையவே இல்லை.

பிறகு கேள்விகள் வந்தன. முருகம்மாள் வாசித்தாள். பள்ளியை விட்டு நின்று இத்தனை வருடமாகியும் அவளுக்கு எழுத்து மறக்கவில்லை. கம்பெனியில் வெடிப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிளை எல்லாம் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். முதல் கேள்வி, ஒரு சட்டத்தில் எத்தனை குச்சி அடுக்குவார்கள் என்பது. தொட்டாள். பச்சை. மாணவி கைதட்டினாள்.

இரண்டாம் கேள்வி வந்தது.

*பஞ்சம்மாளின் மூத்த மகள் ஏன் பள்ளியை விட்டு நின்றாள்?*

*அ) பள்ளி தொலைவில் இருந்தது. ஆ) படிப்பு ஏறவில்லை. இ) தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.*

கேள்விகளை எழுதியவர்கள் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் மாணவர்கள். வெட்டி ஒட்டிய பேச்சைக் கேட்டு அவர்கள் எழுதினார்கள். தவறான விடைகள் இரண்டு வேண்டுமே என்று அவர்களாக யோசித்துச் சேர்த்தவைதான் ‘அ’வும் ‘இ’யும். கேள்வித்தாளைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது மாரிசெல்வி.

முருகம்மாள் கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்திருந்தாள். பிறகு ‘இ’யைத் தொட்டாள்.

திரை சிவந்தது. *தவறு. மீண்டும் முயற்சி செய்க.*

அவள் மறுபடியும் அதே இடத்தைத் தொட்டாள், இந்தத் தடவை விரலை நன்றாக அழுத்தி.

*தவறு. மீண்டும் முயற்சி செய்க.*

“அத்தை, அது இல்ல. ‘ஆ’வைத் தொடுங்க. அந்தப் பாட்டிதான் சொன்னாங்களே” என்று மாணவி எட்டி ‘ஆ’வைத் தொட்டாள். திரையெங்கும் பச்சை பரவியது. நட்சத்திரங்கள் கொட்டின.

முருகம்மாள் ஹெட்போனைக் கழற்றி அந்தப் பெண்ணிடமே கொடுத்தாள். “நீ நல்லாப் படிக்கிறம்மா” என்றாள். எழுந்து வெளியே நடந்தாள்.

*

சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையின் பக்கத்தில் மூன்று பேரும் நின்றார்கள். உள்ளே யாரோ ஒலிபெருக்கியில் வரவேற்புரை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“நீ அப்படிச் சொன்னியாம்மா?” என்று கேட்டாள் முருகம்மாள்.

பஞ்சம்மாள் திரும்பினாள். சின்ன மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. அதை மாரிசெல்வி புரிந்துகொண்டாள். ‘நான் வெட்டினேன் அக்கா’ என்பது மூன்றே சொல். உள்ளே புகழேந்தி அவள் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்ததும் கைதட்டல் கேட்டது.

கைதட்டல் அடங்கிற்று.

“ஆமா, சொன்னேன்” என்றாள் பஞ்சம்மாள். “எங் குரல்தான, கேட்டேல்ல.”

“டீச்சர் வந்தன்னைக்கும் இதத்தான் சொன்ன. நான் இவள இடுப்புல வச்சுக்கிட்டு கதவுகிட்ட நின்னேன்.” முருகம்மாள் நிதானமாகப் பேசினாள். “அன்னைக்கு நான் வருத்தப்படவே இல்ல, தெரியுமா. டீச்சர அனுப்புறதுக்காக அம்மா பொய் சொல்றா, நம்ம நல்லாப் படிக்கோம்னு அவளுக்குத் தெரியும்னு நெனச்சேன். இத்தன வருசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். கம்பெனில எவளாச்சும், ஏன்டி படிக்கலன்னு கேட்டா, நான் முதல் ரேங்க்குடி, எங்க வீட்டு நெலம அப்படின்னு சொல்லுவேன்.”

“முருகு...”

“டீச்சர் போயாச்சு. அப்பாவும் போயாச்சு. இப்ப யாருக்குப் பயந்து சொன்ன? அப்ப நெசமாவே அப்படித்தான நெனச்சிருக்க.”

பஞ்சம்மாள் முந்தானையை விரலில் சுற்றினாள். மறுபடி ஒரு தடவை சின்ன மகளைப் பார்த்தாள். மாரிசெல்வி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் பஸ்ஸுக்குப் போறேன்” என்றாள் முருகம்மாள். “நீ கொஞ்ச நாளு இவகிட்டயே இரும்மா. நான் ஒண்ணும் கோவத்துல சொல்லல. ராத்திரி ஒன் மொகத்தப் பாத்துச் சோறு போட என்னால முடியாது. அம்புட்டுதான்.”

அவள் ரோட்டைக் கடந்து போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஏம்மா நீ சொல்லல? நான் செஞ்சதுன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன்” என்றாள் பஞ்சம்மாள். “ஒன்னையும் அவ வெறுத்துட்டா, நாளைக்கு ஒங்க ரெண்டு பேருக்கும் யாரு இருக்கா?”

“நீ சொன்னத நீயே அக்காகிட்ட சொல்லும்மா. அன்னைக்கு எங்கிட்ட சொன்ன மாதிரியே.”

“ஒங்கிட்ட எங்க சொன்னேன்? மிஷின்ட்டச் சொன்னேன். அவ மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. வந்திருந்தா எப்பவோ சொல்லியிருக்க மாட்டேனா?”

*

விழா முடிந்ததும் மாரிசெல்வி புகழேந்தியைத் தனியே பிடித்தாள். அம்மாவின் பேச்சில் ஒரு இடத்தைத் தவறாக வெட்டிவிட்டேன், பொருள் மாறிப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றாள். எப்படி மாறியது என்று அவர் கேட்க, சொன்னாள். அவர் முகம் மாறியது.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கணும், மாரிசெல்வி. விழாவுக்கு முன்னாடியே இருபத்திரண்டு பள்ளிக்குக் கருவி போயிருச்சு. சரி, மாத்திரலாம், ஒரு வாரம் ஆகும். கேள்வியையும் எடுத்துடுவோம். முழுப் பதிவை மட்டும் நாளைக்கு எனக்கு அனுப்பிடுங்க.”

“சரி சார்” என்றாள்.

அனுப்புவதற்கு முழுப் பதிவு இல்லை. வெட்டி முடித்த அன்றே அவள் அதை அழித்திருந்தாள். குழுவில் யாராவது எடுத்துக் கேட்டுவிடக் கூடாது என்று, ஒலிப்பதிவுக் கருவியிலிருந்தும் கணினியிலிருந்தும் தேடித் தேடி அழித்தாள். அன்று மனசு லேசானதுபோலக்கூட இருந்தது. அம்மா வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொன்னதை அழிக்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை.

அம்மாவை அறையில் விட்டு, சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, திருத்தங்கலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். பஞ்சம்மாள் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

*

முருகம்மாளின் கணவர் வெள்ளைத்துரை வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வா மாரி” என்றவர், குரலைத் தணித்து, “ஒங்கக்கா வந்ததுலேருந்து பேசல. பாத்திரத்த எல்லாம் எடுத்துப் போட்டுத் தேய்க்கா” என்றார்.

மாரிசெல்வி பின்பக்கம் போனாள். அக்காவுக்கு எதிரே, தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். டீச்சர் வந்தது, அம்மா சொன்ன பொய், பொய் என்று அம்மாவே ஒப்புக்கொண்டது, தான் முன்னும் பின்னும் வெட்டியது, எல்லாவற்றையும் சொன்னாள்.

முருகம்மாளின் கை நின்றது. சாம்பல் ஒட்டிய கையோடு தங்கையைப் பார்த்தாள்.

“அம்மா அப்படிச் சொன்னாளா? பொய்னு அவ வாயாலயே சொன்னாளா?”

“சொன்னாக்கா. ‘பச்சப் பொய், எம் பிள்ளைய மக்குன்னு நானே சொன்னேன்’னு சொன்னா.”

முருகம்மாளின் முகம் ஒரு நிமிடம் பத்து வயதுப் பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது. கையை அவசரமாகக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

“போடு, கேப்போம்” என்றாள்.

மாரிசெல்வி போனைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“போன்ல இருக்குல்ல? போடு.”

“இல்லக்கா. அழிச்சிட்டேன்.”

“அழிச்சிட்டியா?”

“யாரும் கேட்டுரக் கூடாதுன்னு...”

“எதக் கேட்டுரக் கூடாது? ஒன்னாலதான் நான் நின்னேங்கிறதயா?”

மாரிசெல்வி தலையாட்டினாள்.

முருகம்மாள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது மாரிசெல்விக்கு.

“ஒன்னத் தூக்கி வளத்தத நான் ஒரு நாளும் குறையா நெனச்சதில்ல, மாரி. நீ காலேஜு போனப்ப எங் கம்பெனில எல்லாருக்கும் நாந்தான் முட்டாய் குடுத்தேன். நீ அத மறைக்கணும்னு நெனச்சிருக்க பாரு, அதுதான் எனக்குப் புரியல.”

“தப்புக்கா.”

“சரி, இப்ப நீ சொல்ற. அம்மா சொன்னானு சொல்ற. நெசமாவும் இருக்கலாம். நான் மனசு ஒடஞ்சு போனேன்னு என்னத் தேத்த வந்தும் சொல்லலாம். நீ வெட்டுறவ, ஒட்டுறவ. எனக்கு எப்படித் தெரியும்?”

அம்மா மேல் ஆணையாக என்று சொல்ல மாரிசெல்வி வாயெடுத்தாள். அதைச் சொல்லவும் தனக்குத் தகுதி இல்லை என்று தோன்றி நிறுத்திக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை அம்மாவ இங்க கூட்டிட்டு வா” என்றாள் முருகம்மாள். “எம் மொகத்தப் பாத்து அவளே சொல்லட்டும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்.”

அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து கொடுத்தாள். அம்மாவின் மாத்திரைகள், இரண்டு அட்டை.

“வெள்ள காலைல, மஞ்ச ராத்திரி. அவளுக்கு மறந்துரும், நீதான் எடுத்துக் குடுக்கணும். இன்னைக்குக் காலைலயே அவசரத்துல போடாம வந்துட்டா. ரெண்டு வேள விட்டா தலை சுத்தி விழுந்துருவா. போ, சீக்கிரம் போ.”

*

விருதுநகரில் இறங்கும்போது மணி ஏழு. மாரிசெல்வி ஓட்டமும் நடையுமாக வந்தாள். அறை பூட்டியிருந்தது. சாவி ஜன்னல் கம்பியில் தொங்கியது.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“ஒங்கம்மா நாலு மணிக்கே கெளம்பிட்டாகம்மா. சாத்தூர் பஸ் எங்கன நிக்கும்னு கேட்டாக. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போறாகளாம்.”

“எப்ப வருவேன்னு சொன்னாகளா?”

“அதான் நானும் கேட்டேன்.” பேச்சியம்மாள் தயங்கினாள். “எந்த மக வந்து கேட்டாலும், என்னத் தேட வேண்டாம்னு சொல்லிருன்னாக.”

மாரிசெல்வி கதவைத் திறந்தாள். வாங்கி வைத்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. கையில் மாத்திரைப் பையோடு அவள் அக்காவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.